பிரைட்லிங் எமர்ஜென்சி (கைக்கடிகாரம்)

பிரைட்லிங் எமர்ஜென்சி என்பது சுவிட்சர்லாந்து நாட்டின் பிரைட்லிங் நிறுவனம் 1995 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த கைக்கடிகாரம் ஆகும். முட்களும் எண்காட்சியும் ஒருங்கே அமைந்த இக்கடிகாரத்தினுள் ஒரு சிறு வானொலி அலைபரப்பி பொருத்தப்பட்டுள்ளது. விபத்துக்குள்ளான வானோடி ஒருவர் இதன் மூடியைத் திருகிக் கழற்றி அலைக்கம்பியை வெளியே இழுத்தால், அனைத்துலக வான்வழி இடர் அதிர்வெண்ணாகிய 121.5 மெகாஹெர்ட்ஸில் இடர்க்குறிகை வெளிப்படும். இம்முதல் வகைக் கடிகாரங்கள் இன்று பழம்பொருள் விரும்பிகளிடையே கைமாறி வருகின்றன. 1995 இல் இக்கடிகாரத்தின் குரலைக் கேட்கக்கூடிய செயற்கைக்கோள்கள் வானில் இருந்தன. 2009 முதல் அவை அந்த அதிர்வெண்ணைக் கேட்பதில்லை. பழைய எமர்ஜென்சியை வாங்குவோரும் பழுதுபார்ப்போரும் முதலில் அறிய வேண்டியது இதுவேயாகும்.

அமைப்பு

கடிகாரத்தின் கூடு டைட்டானியத்தால் ஆனது. விட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். முகப்பில் மணி, நிமிட முட்களுடன் மேலும் கீழுமாக இரண்டு நீர்மப் படிகக் காட்சிகள் உள்ளன. நாட்காட்டி, இரண்டாம் நேர வலயம், அலாரம், நூறில் ஒரு நொடி வரை அளக்கும் நிறுத்துகடிகாரம், பின்னோக்கி எண்ணும் நேரங்காட்டி ஆகியவை இக்காட்சிகளில் தோன்றும். பக்கவாட்டிலுள்ள சாவிக்குமிழைச் சுழற்றி இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம்.

அலைபரப்பி, பிரான்சின் தசோ எலெக்ட்ரானிக் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் உருவாக்கப்பட்டது. இது கடிகாரப் பொறியிலிருந்து தனித்து இயங்குவது. தனக்கெனத் தனி மின்கலங்களைக் கொண்டது. இப்பிரிவினைக்குக் காரணம் எளிது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதனை எண்ணிக் கணக்கிடும் மின்சுற்றுக்குச் சில மைக்ரோஆம்பியர் மின்னோட்டமே போதும். ஆகவே பொத்தான் அளவு மின்கலம் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. அலைபரப்பியோ நொடிக்கு 12 கோடியே 15 இலட்சம் அதிர்வுகளை உண்டாக்கி, அவற்றை ஆற்றலுடன் வெளியிலும் அனுப்ப வேண்டும். இதற்கு ஆயிரக்கணக்கான மடங்கு மின்னோட்டம் தேவை. இரண்டையும் ஒரே மின்கலத்தில் இணைத்திருந்தால், நேரம் காட்டுவதற்காக நாள்தோறும் சிறுகச் சிறுகச் செலவாகும் மின்கலம் இடர் நேரும் நாளில் கைவிட்டுவிடும்.

இதிலிருந்து பெறப்படும் ஒரு முடிவைப் பலர் கவனிப்பதில்லை. கடிகாரம் சரியாக நேரம் காட்டுகிறது என்பது அலைபரப்பியின் நிலையைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை. முட்கள் ஓடிக்கொண்டிருக்க, அலைபரப்பியின் மின்கலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோயிருக்கலாம்.

குறிகையின் தன்மை

121.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2.47 மீட்டர். அலைக்கம்பி நன்கு வேலை செய்ய, அதன் நீளம் அலைநீளத்தின் கால்பங்கை ஒட்டியிருத்தல் நன்று. அதாவது ஏறத்தாழ 62 சென்ட்டிமீட்டர். இவ்வளவு நீளமான கம்பியைக் கைக்கடிகாரத்தின் வெளியே நிலையாகப் பொருத்த இயலாது. ஆகையால் வளையக்கூடிய மெல்லிய கம்பி கூட்டினுள் சுருட்டி வைக்கப்பட்டு, தேவைப்படும்போது மட்டும் இழுத்து நீட்டப்படுகிறது. கூட்டின் வலப்பக்கக் கீழ்ப்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பெரிய திருகுமூடி இதற்காகவே அமைந்தது. பார்ப்போர் பலர் அதனை மற்றொரு சாவிக்குமிழ் என எண்ணிவிடுவதுண்டு.

வெளிப்படும் குறிகையில் சொற்களோ எண்களோ இல்லை. இவ்வதிர்வெண்ணில் இயங்கும் இடர்க்குறிகைப் பரப்பிகளுள் பெரும்பாலானவை, உயர்ந்த சுருதியிலிருந்து தாழ்ந்த சுருதிக்கு இறங்கும் ஒலியை நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறை திரும்பத் திரும்ப அனுப்புகின்றன. வானூர்தி வானொலிகள் வீச்சுப் பண்பேற்ற முறையில் இயங்குவதால் இவ்வொலி வானோடியின் காதில் நேரடியாகக் கேட்கும். இரைச்சலுக்கு இடையே ஒரே சுருதியில் நிற்கும் ஒலியை விட ஏறி இறங்கும் ஒலியை மனிதச் செவி எளிதாகப் பிரித்தறியும். ஆனால் ஒலிப்பது யாருடைய கருவி என்பதை அக்குறிகை சொல்லாது. எல்லாக் கருவிகளும் ஒரே குரலில் ஓலமிடுகின்றன.

6,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் தேடுதல் வானூர்தி, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலிருந்து இக்குறிகையைப் பெறலாம் என்று கூறப்பட்டது. உயரம் ஏன் குறிப்பிடப்படுகிறது என்பதை மாணவர்கள் ஒரு சிறு கணக்கால் அறியலாம். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. புவியின் வளைவு அவற்றை மறைக்கும். அலைபரப்பி, அலைவாங்கி ஆகியவற்றின் உயரங்களை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு, இரண்டையும் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால் வானலைத் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். தரையிலுள்ள கடிகாரத்துக்கும் 6,000 மீட்டர் உயரத்திலுள்ள வானூர்திக்கும் இது ஏறத்தாழ 319 கிலோமீட்டர். ஆற்றல் மிகக் குறைவாக இருப்பதால் அதில் பாதித் தொலைவே பயன்படுகிறது. ஒரு மீட்டர் உயரத்தில் கடிகாரத்தையும் இரண்டு மீட்டர் உயரத்தில் அலைவாங்கியையும் வைத்துக் கணக்கிட்டால், சமதரையில் கூடத் தொடுவானம் 10 கிலோமீட்டரை எட்டாது. மரங்களும் பாறைகளும் இருந்தால் உண்மையான தொலைவு அதனினும் மிகக் குறையும். தேடுபவர் வானில் இருக்க வேண்டும் என்பதே இக்கருவியின் அடிப்படை எதிர்பார்ப்பு.

இயக்கும் முறை

திருகுமூடியை முழுவதும் கழற்றி, அதனுடன் இணைந்த அலைக்கம்பியை இறுதி வரை இழுக்க வேண்டும். மூடி தனியே வந்தவுடன் அலைபரப்பு தானாகவே தொடங்கும். அழுத்துவதற்குப் பொத்தானோ அமைப்பதற்கு வேறெதுவுமோ இல்லை. குளிரில் விறைத்த விரல்களாலும், ஒரு கை முறிந்த நிலையிலும் இயக்க நேரலாம் என்பதால் இவ்வெளிமை இன்றியமையாதது. தொடங்கிய அலைபரப்பு 48 மணிநேரம் வரை நீடிக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது.

கம்பியைச் செங்குத்தாக, வெட்டவெளியில், இயன்ற அளவு உயரத்தில் நிறுத்துவது நன்று. மனித உடலும் உலோகப் பரப்புகளும் அலையை விழுங்கவோ திசை திருப்பவோ செய்யும். எனவே சிதைந்த வானூர்தியின் உள்ளே அமர்ந்து இயக்குவதால் பயன் மிகக் குறைவு. கடுங்குளிரில் மட்டும் ஓர் இக்கட்டு உண்டு. மின்கலங்கள் குளிரில் வலுவிழக்கும். உடற்சூடு அவற்றைக் காக்கும். மணிக்கட்டிலேயே வைத்திருப்பதா, கழற்றி உயரத்தில் மாட்டுவதா என்பதை இடத்தையும் குளிரையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒருமுறை இழுத்த கம்பியைப் பயனர் மீண்டும் உள்ளே செலுத்தி, எதுவும் நடவாததுபோல் மூடிவிட இயலாது. கடிகாரம் நிறுவனத்தின் பணிமனைக்குச் சென்றே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தேவையின்றி இயக்கினால் மீட்புப் பணியின் செலவைத் தாமே ஏற்பதாக வாங்குவோர் கையொப்பமிட வேண்டியிருந்ததற்கும் இதுவே பின்னணி. விளையாட்டாக இழுத்துப் பார்க்கும் ஒருவரால் மீட்பு வானூர்தி ஒன்று புறப்பட்டுச் செல்லலாம். அதே வேளையில் வேறிடத்தில் உண்மையான விபத்து நேர்ந்திருக்கலாம். தவறுதலாக இயக்கிவிட்டால் மறைக்க முயலாமல், அருகிலுள்ள வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கோ மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கோ உடனே தெரிவிப்பதே முறை. தேடுதலை நிறுத்த அவர்களுக்கு அந்த ஒரு செய்தி போதும்.

2003 சனவரியில் இரண்டு பிரித்தானிய வானோடிகள் சென்ற உலங்கு வானூர்தி அண்டார்க்டிக்கா அருகே கடலில் வீழ்ந்தது. உயிர்காப்பு மிதவையில் ஏறிய அவர்கள் இவ்வகைக் கடிகாரங்களை அணிந்திருந்தனர். சிலி நாட்டுக் கடற்படை அவர்களை மீட்டது. இந்நிகழ்வு கடிகாரத்தின் புகழைப் பெரிதும் உயர்த்தியது. எனினும் அவர்கள் செயற்கைக்கோள் தொலைபேசி வழியாகவும் செய்தி அனுப்பியிருந்தனர் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

2009 இன் மாற்றம்

கோஸ்பாஸ்-சார்சாட் எனப்படும் அனைத்துலகச் செயற்கைக்கோள் மீட்பு அமைப்பினை அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்சு ஆகிய நாடுகள் இணைந்து உருவாக்கின. இதன் முதல் செயற்கைக்கோள் 1982 இல் ஏவப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கனடாவில் விபத்துக்குள்ளான சிறு வானூர்தி ஒன்றிலிருந்த மூவர் இதன் உதவியால் மீட்கப்பட்டனர். பனிப்போர்க் காலத்தில் இரு வல்லரசுகள் இவ்வாறு கைகோத்தது வியப்புக்குரியது.

ஆனால் 121.5 மெகாஹெர்ட்ஸ் குறிகை செயற்கைக்கோளுக்காக வடிவமைக்கப்பட்டதன்று. செயற்கைக்கோள் அதனைச் சேமித்து வைக்க இயலாது. கேட்ட கணமே தரைநிலையத்துக்குத் திருப்பி அனுப்பும். எனவே கடிகாரம், தரைநிலையம் இரண்டும் ஒரே நேரத்தில் செயற்கைக்கோளின் பார்வையில் இருந்தாலன்றிப் பயனில்லை. பெருங்கடல்களின் நடுப்பகுதிகள் விடுபட்டுப் போயின. கணிக்கப்பட்ட இடத்தில் 20 கிலோமீட்டர் வரை பிழை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பொய் எச்சரிக்கைகள் மிகுந்தன. குறிகையில் அடையாளம் இல்லாததால், அழைப்பது யார் என்று தொலைபேசியில் விசாரித்து அறியவும் வழியில்லை.

ஆகவே 2009 பெப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5 மெகாஹெர்ட்ஸைக் கேட்பது நிறுத்தப்பட்டது. அடையாள எண்ணுடன் எண்ணிமக் குறிகை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு மட்டுமே அவை செவிசாய்க்கின்றன. இவ்வமைப்பில் இந்தியாவும் பங்கேற்கிறது. இந்தியக் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் உள்ளது.

முதல் வகை எமர்ஜென்சி இதனால் முற்றிலும் பயனற்றதாகிவிடவில்லை. பறக்கும் வானூர்திகள் 121.5 மெகாஹெர்ட்ஸைக் கேட்கின்றன. மீட்புக் குழுவினர் திசையறியும் அலைவாங்கிகளைக் கொண்டு, குறிகை வலுக்கும் திசையில் நகர்ந்து இறுதிச் சில கிலோமீட்டர்களைக் கடப்பதற்கும் இதுவே பயன்படுகிறது. தாம் தேடப்படுகிறோம் என்பது உறுதியாயிருக்கும்போது இக்கடிகாரம் துணை செய்யும்; தாம் காணாமற்போனதை எவரும் அறியாதபோது, தற்செயலாக ஒரு வானூர்தி அவ்வழியே வந்தாலன்றி இதன் குரல் எவரையும் எட்டாது. பழைய விளம்பரங்களை மட்டும் படித்துவிட்டு, இதை ஒன்றையே நம்பி மலையேறவோ கடலில் செல்லவோ முற்படுவது ஆபத்தானது.

நிறுவனம் 2013 இல் எமர்ஜென்சி II என்னும் அடுத்த வகையை அறிமுகப்படுத்தியது. 51 மில்லிமீட்டர் விட்டமுடைய அக்கடிகாரம், 406 மெகாஹெர்ட்ஸ் குறிகையை 50 நொடிக்கு ஒருமுறை அரை நொடிக்கும் குறைவாகவும், 121.5 மெகாஹெர்ட்ஸ் குறிகையை இடைப்பொழுதுகளிலும் மாறி மாறி அனுப்புகிறது. முன்னதற்கு மாறாக, இதன் மின்கலம் மீள மின்னேற்றத்தக்கது; இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டும். இரண்டாம் கைக் கடிகாரம் வாங்குவோர் இவ்விரு வகைகளையும் குழப்பிக்கொள்ளலாகாது.

பராமரிப்பு

சாதாரண எண்காட்சிக் கடிகாரத்தின் மின்கலத்தைத் தெருமுனைக் கடிகாரக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். எமர்ஜென்சியை அவ்வாறு செய்வது தகாது. கூட்டைத் திறக்கும்போது இரண்டு தனித்தனி மின்சுற்றுகளையும், சுருட்டிய அலைக்கம்பியையும், அதனை அடைக்கும் ரப்பர் வளையத்தையும் ஒருசேரக் கையாள வேண்டியிருக்கும். கம்பியின் மூடி தளர்ந்தால் அலைபரப்பு தொடங்கிவிடக்கூடும். வளையம் சரியாக அமராவிட்டால் நீர் புகும். இறுகி வெடித்த பழைய வளையம் வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஆகவே இருவகை மின்கலங்களையும் ஒரே வேளையில் மாற்றி, வளையங்களையும் புதுப்பித்து, நீர்புகாச் சோதனை செய்வதே முறையான பராமரிப்பாகும்.

நீண்டகாலம் தூங்கிய மின்கலம் கசிந்து மின்தொடுப்புகளை அரிக்கலாம். எண்காட்சியில் சில கோடுகள் மட்டும் மறைந்தால், பெரும்பாலும் காட்சியையும் மின்சுற்றையும் இணைக்கும் தொடுப்பில் அழுக்கோ தளர்வோ காரணமாக இருக்கும். காட்சி முழுவதும் கருத்துக் கசிந்திருந்தால் கண்ணாடித் தகடுகளுக்கிடையிலுள்ள நீர்மமே கெட்டுவிட்டது. அதனைத் துடைத்துச் சரிசெய்ய இயலாது, மாற்றவே வேண்டும்.

அலைபரப்பியைச் சோதிப்பது தனிப் பணி. அமெரிக்காவில், வானூர்திகளில் பொருத்தப்படும் 121.5 மெகாஹெர்ட்ஸ் பரப்பிகளை ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிடங்களுக்குள் ஓரிரு ஒலிப்புகளுக்கு மட்டும் இயக்கிப் பார்க்க வழக்கம் உண்டு. அவற்றுக்கு நிறுத்தும் விசை இருக்கிறது, இக்கடிகாரத்துக்கு இல்லை. எனவே அலை வெளியேறாதவாறு உலோகத்தால் மூடப்பட்ட சோதனை அறையில், உரிய கருவிகளுடன், பணிமனையினரே இதனைச் செய்ய வேண்டும். விற்பவர் "இழுத்துக் காட்டுகிறேன்" என்று சொன்னால் மறுத்துவிட்டு, அலைபரப்பியின் மின்கலம் இறுதியாக மாற்றப்பட்ட நாளைக் காட்டும் பணிச்சீட்டைக் கேட்பது நல்லது.

காட்சிப்பொருளாக மட்டும் வைத்திருக்க விரும்புவோர், அலைபரப்பியின் மின்கலங்களைப் பணிமனையில் நிரந்தரமாக அகற்றச் சொல்லலாம். அவ்வாறு அகற்றப்பட்டதை எழுத்தில் குறித்துப் பெட்டியினுள் வைக்க வேண்டும். பின்னாளில் அதனைப் பெறுபவர், ஓர் இடரின்போது கம்பியை இழுத்துவிட்டுக் காத்திருக்க நேரக்கூடாது. கடிகாரத்தைக் கழித்துக்கட்டுவதாயினும் மின்கலங்களை முதலில் எடுத்துவிட வேண்டும். குப்பைமேட்டில் எறியப்பட்ட இடர்க்குறிகைப் பரப்பிகள் தாமே இயங்கி, மீட்புக் குழுவினரை அங்கு வரவழைத்த நிகழ்வுகள் பல உள்ளன.