சுறா பொல்லாததா? செய்தி பொல்லாததா?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர். அரண்டவன் ஒருவனாயின் வீட்டார் அவனைத் தேற்றிவிடலாம். ஒரு நாடே அரண்டுபோனால் தேற்றுபவர் யார்? 2001ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் அமெரிக்கா அந்த நிலையில்தான் இருந்தது.

அவ்வாண்டு யூலை மாதம் 6ஆம் திகதி, புளோரிடா மாநிலத்துப் பென்சகோலா நகரை அடுத்த கடலில் நீராடிய எட்டு வயதுப் பாலகன் ஒருவனைச் சுறா கடித்தது. கை துண்டாயிற்று. உறவினர் ஒருவர் அச்சுறாவைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். அதன் வாயிலிருந்து மீட்கப்பட்ட கையை வைத்தியர்கள் சத்திரசிகிச்சை செய்து மீண்டும் பொருத்தினர்.

கேட்போர் நெஞ்சம் பதறும் சம்பவம் அது. பத்திரிகைகள் அதனை எழுதியதில் தவறில்லை. தவறு அதன் பின்னரே தொடங்கிற்று. எக்கரையில் எவரைச் சுறா கடித்தாலும் அது நாடறிந்த செய்தியாயிற்று. தொலைக்காட்சியினர் ஹெலிகொப்டரில் பறந்து, சுறாக்கள் கூட்டமாக நீந்துவதைப் படம்பிடித்துக் காட்டினர். கூட்டமாகச் சேர்வது பல சுறா இனங்களுக்கு இயல்பு என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. புகழ்பெற்ற 'ரைம்' சஞ்சிகை, யூலை 30ஆம் திகதிய இதழின் அட்டையிலே 'சுறாவின் கோடை' என்று மகுடமிட்டது.

உண்மை யாது? உலகெங்கும் நிகழும் சுறாக்கடிகளைப் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று நூதனசாலை பதிவுசெய்து வருகிறது. அது அப்போது வெளியிட்ட கணக்கின்படி, மனிதர் சீண்டாமலே நிகழ்ந்த கடிகள் 2000ஆம் ஆண்டில் 85. இறந்தோர் 12 பேர். அமர்க்களப்பட்ட 2001ஆம் ஆண்டிலோ கடிகள் 76. இறந்தோர் 5 பேர். கடி குறைந்த ஆண்டிலேதான் செய்தி பெருகிற்று!

செப்ரெம்பர் 11ஆம் திகதி நியூயோர்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தன. அத்துடன் சுறாச் செய்திகளும் ஓய்ந்தன. சுறாக்கள் கடலைவிட்டு ஓடிவிடவில்லை; செய்தியாளரின் கவனம் வேறு திசைக்குத் திரும்பிற்று, அவ்வளவே.

'தாக்குதல்' என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. காலிலே சிறு காயம் பட்டாலும் தாக்குதல். உயிரே போனாலும் தாக்குதல். கிறிஸ்தோபர் நெஃப், றொபேட் ஹியூற்றர் என்னும் ஆய்வாளர் இருவர் 2013ஆம் ஆண்டில் இதனை ஆட்சேபித்தனர். சுறாவைக் காணல், அதனை எதிர்ப்படல், கடிபடல், கடியால் இறத்தல் என நான்காகப் பிரித்தே கூறவேண்டும் என்றனர்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். ஆழ்கடலில் திரியும் சுறா, திருக்கை இனங்களின் தொகை 1970ஆம் ஆண்டு முதல் 71 சதவீதம் குறைந்துவிட்டதென 2021ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் வெளியான ஆய்வு கூறுகிறது. அதற்கு முதற் காரணம் அளவுமீறிய மீன்பிடியே. பத்திரிகைகளே அவற்றைக் கொன்றன என்று எழுதினால் அதுவும் மிகைப்படுத்தலாகிவிடும். ஆயினும், கொடியது என்று பெயரெடுத்த பிராணிக்காகப் பரிந்து பேச யார் முன்வருவார்?

இனி இத்தகைய செய்தியை வாசிக்கும்போது, "சென்ற ஆண்டு எத்தனை?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள சிறுவர்க்கும் அக்கேள்வியைக் கற்றுக்கொடுங்கள். சுறாச் செய்திக்கு மட்டுமன்றி, வேறு பல செய்திகளுக்கும் அது உதவும்.