அந்தமான் டூர் போறீங்களா? ஓட்டல் போட்டோ, படகு டிக்கெட்டில் உஷாரா இருங்க!

சென்னை:

சீட்டு எடுத்த பணம், தீபாவளி போனஸ் என்று சிறுக சிறுக சேர்த்து குடும்பத்தோடு அந்தமானுக்கு டூர் கிளம்புகிறவர்கள் அதிகமாகி விட்டார்கள்.

சென்னையில் விமானம் ஏறினால் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் போய் இறங்கி விடலாம். கப்பல் என்றால் ஏறக்குறைய 3 நாள் ஆகும். நம் நாட்டுக்காரர்களுக்கு பாஸ்போர்ட், விசா எதுவும் தேவையில்லை. அடையாள அட்டை போதும். அங்கே தமிழ் பேசுகிறவர்களுக்கும் பஞ்சம் இல்லை.

இவ்வளவு வசதி இருந்தும், ஓட்டல் ரூமிலும் படகு டிக்கெட்டிலும் கோட்டை விட்டுவிட்டு புலம்புகிறவர்கள் உண்டு. கிளம்பும் முன் சில விஷயங்களை தெரிந்து கொண்டால் பணமும் மிச்சம், நிம்மதியும் மிச்சம்.

பெயர் குழப்பம்

முதல் குழப்பமே ஊர் பெயரில்தான். ஹேவ்லாக் தீவுக்கு 2018-ல் ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவுக்கு ஷாகீத் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது.

டிக்கெட்டில் ஒரு பெயர், ஓட்டல் ரசீதில் ஒரு பெயர் இருந்தால் பதற வேண்டாம். இரண்டும் ஒரே ஊர்தான்.

முதலில் படகு, அப்புறம் ரூம்

நம்ம ஊர் பழக்கத்தில் எல்லோரும் முதலில் ரூம் போடுகிறார்கள். அந்தமானில் அது தலைகீழ். விமானம் இறங்குவது ஸ்ரீ விஜயபுரத்தில். எல்லோரும் பார்க்க ஆசைப்படும் ஹேவ்லாக் அங்கிருந்து சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்தில் கடலுக்குள் இருக்கிறது. படகை விட்டால் சாதாரண ஆட்களுக்கு வேறு வழி கிடையாது.

அரசு படகும் ஓடுகிறது, தனியார் ஏ.சி. படகும் ஓடுகிறது. அரசு படகில் கட்டணம் குறைவு. உள்ளூர் மக்களும் அதைத்தான் நம்பி இருப்பதால் சீட் கிடைப்பது கஷ்டம். தனியார் படகு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய் விடும். ஆனால் கட்டணம் அதிகம்.

பேக்கேஜ் பேசும்போது "படகு டிக்கெட்டும் சேர்த்து" என்பார்கள். எந்த படகு, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். சாயங்கால படகில் ஏற்றி விட்டால் அன்றைய நாள் அவ்வளவுதான். அங்கே நம்ம ஊருக்கு முன்பே விடிந்து, முன்பே இருட்டி விடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்து விடும்.

போட்டோவை நம்பாதீங்க

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு நம்பர்தான் அடையாளம். படகு நிற்கும் இடம் ஒன்றாம் நம்பர். ஓட்டல்கள் அதிகம் இருப்பது மூன்றாம் நம்பர் கோவிந்த் நகர், ஐந்தாம் நம்பர் விஜய் நகர் பக்கம். எல்லோரும் குளிக்க ஓடும் ராதாநகர் ஏழாம் நம்பர். அது தீவின் அடுத்த பக்கம், படகுத்துறையில் இருந்து 10 கிலோ மீட்டருக்கு மேல்.

"பீச் ஓட்டல்" என்று போட்டிருந்தால் எந்த நம்பர் பீச் என்று கேளுங்கள். விஜய் நகர் பக்கம் கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் வெகு தூரம் உள்ளே போய் விடும். பாறையும் மணலும்தான் தெரியும். போட்டோ எடுப்பது தண்ணீர் ஏறி நிற்கும் நேரத்தில்!

ரூமை காலி செய்யும் நேரத்தையும் கேட்க வேண்டும். காலை 8, 9 மணிக்கே காலி செய்ய சொல்லும் ஓட்டல்கள் அங்கே உண்டு. மத்தியான படகு என்றால் பெட்டி படுக்கையோடு வெளியே உட்கார வேண்டியதுதான்.

வண்டி விஷயத்திலும் உஷார் தேவை. "பிக்கப், டிராப் இலவசம்" என்றால் படகுத்துறையில் இருந்து ஓட்டல் வரைக்கும்தானா, ஊர் சுற்றவும் சேர்த்தா என்று கேட்காவிட்டால், ராதாநகர் போய் வர ஆட்டோவுக்கு தனியாக அழ வேண்டும்.

கடல் கோபித்தால்...

மே மாதம் தொடங்கி வருடக்கடைசி வரை மழையும் காற்றும் மாறி மாறி வரும். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்தி விடுவார்கள். 2016 டிசம்பரில் புயல் மழையில் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலா பயணிகள் மாட்டிக் கொண்டார்கள். கடற்படை கப்பல்கள் போய்த்தான் மீட்டன.

அதனால் கடைசி ராத்திரியை ஸ்ரீ விஜயபுரத்தில் தங்குவதுபோல் வைத்துக் கொள்வது நல்லது. காலையில் படகு, மத்தியானம் விமானம் என்று திட்டம் போட்டால், படகு ரத்தாகும் அன்றைக்கு விமான டிக்கெட் பணமும் சேர்ந்து போகும்.

மறக்கக் கூடாத சோகம்

பணம் போனால் சம்பாதிக்கலாம். 2014-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அந்தமானில் சுற்றுலா படகு கவிழ்ந்து 21 பேர் பலியானார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்தில் இருந்து டூர் போனவர்கள். 25 பேர் ஏற வேண்டிய படகில் 40 பேருக்கு மேல் ஏற்றியதுதான் விபரீதத்துக்கு காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது.

படகில் கூட்டம் அதிகமாக இருந்தால் "காசு கொடுத்தாச்சே" என்று ஏறக் கூடாது. லைப் ஜாக்கெட் கேட்டு வாங்கி, மாட்டி, கொக்கியை போட வேண்டும். குழந்தைகளுக்கு அவர்கள் அளவுக்கு உள்ளதை கேட்க வேண்டும்.

ஏமாந்தால் எங்கே போவது?

சொன்ன ஓட்டல் தராமல் வேறு இடத்தில் தங்க வைத்தாலோ, டிக்கெட் போடாமல் கைவிரித்தாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

அந்தமானுக்கு போய் கேஸ் நடத்த தேவையில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அதற்கு கட்டணமும் கிடையாது.

வாய் வார்த்தை அங்கே எடுபடாது. ஓட்டல் பெயர், ரூம் வகை, படகு பெயர், நேரம் எல்லாம் எழுதிய ரசீதும், பணம் கட்டிய சான்றும், வாட்ஸ்-அப் பேச்சும் கையில் இருக்க வேண்டும். டூர் முடிந்து வீடு திரும்பிய பிறகும் அவற்றை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.