சாமிக்கு ஒரு கலர்

வீடு மந்திரிக்கும் நாள்களில் பங்குக் குருவுக்கு நேரும் சோதனை ஒன்றைப் பலர் அறிய மாட்டார்கள். உயிர்ப்புப் பெருவிழா முடிந்து, தீர்த்தச் செம்பும் செபப் புத்தகமுமாகப் புறப்பட்டால் ஒரு மாலையில் பதினைந்து, இருபது வீடுகள். செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து நிமிர்வதற்குள், கடைக்கு ஓடிய சிறுவன் குளிர்ந்த கலர் பாட்டிலோடு வாசலில் நிற்பான். வேண்டாம் என்றால் வீட்டார் முகம் வாடும். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் மறுத்தாலோ, அத்தெருவில் ஒரு மாதத்துக்கு அதுவே பேச்சு. ஆகவே நானும் பல ஆண்டுகள் குடித்தேன். சில மாலைகளில் எட்டுப் பாட்டில் வரை போனதுண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், "ஃபாதர், ஒரு நாளைக்கு என்னென்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார். காலையில் சீனியில்லாத காப்பி என்று சற்றுப் பெருமையோடு தொடங்கினேன். மாலைக்கு வந்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் போட்ட கணக்கை உங்களுக்கும் சொல்லுகிறேன். இவ்வகைப் பானங்களுள் பலவற்றில் 100 மில்லிக்கு 10 அல்லது 11 கிராம் சீனி இருக்கிறது. 250 மில்லி பாட்டில் ஒன்றில் ஐந்து தேக்கரண்டிச் சீனி. எட்டுப் பாட்டிலில் 200 கிராம். உணவில் நாம் தனியே சேர்க்கும் சீனி, தேன், பழச்சாற்றின் இனிப்பு எல்லாம் சேர்ந்தே நாளொன்றுக்கு 50 கிராமைத் தாண்டலாகாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நன்று என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் வகுத்த அளவு. இரண்டு பாட்டிலிலேயே நான் ஒரு நாளின் எல்லையைத் தொட்டிருக்கிறேன்.

ஒரு குவளை வெந்நீரில் ஐந்து கரண்டிச் சீனியைக் கரைத்துக் கொடுத்தால் நாம் முகம் சுளிப்போம். குளிர்ச்சி நாவின் சுவையுணர்வை மந்தமாக்குகிறது. சேர்க்கப்பட்டுள்ள அமிலம் இனிப்பின் திகட்டலை மறைக்கிறது. அதனாலேயே கலர் எளிதாக இறங்குகிறது. அந்த அமிலமே பற்களின் மேற்பூச்சையும் அரிக்கிறது. மேலும், உண்ட சோறு வயிற்றை நிரப்பி, போதும் என்று சொல்லும். குடித்த சீனி அவ்வாறு சொல்லுவதில்லை. கலர் குடித்த பிள்ளை அதன்பின் சோற்றைக் குறைத்து உண்ணுவதும் அரிது.

நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளதென 2023-இல் வெளியான விரிவான ஆய்வு கணித்தது. பழி முழுவதையும் கலர் பாட்டிலின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. குவித்துண்ணும் வெள்ளைச் சோறும், நடக்க மறந்த கால்களும் கூட்டாளிகளே. ஆயினும் சோற்றைவிடக் கலரை விடுவது எளிது.

சோடா வேறு, கலர் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீரில் வாயுவைக் கலக்கும் வழியை 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கண்டவர் ஜோசப் பிரீஸ்ட்லி. மதுபானம் காய்ச்சும் ஆலையின் பக்கத்தில் குடியிருந்த புராட்டஸ்டாண்டு போதகர் அவர். (விஞ்ஞானத்துக்கும் மறைப்பணிக்கும் பகையில்லை என்பதற்கு நம்மவர் அல்லாத ஒரு சாட்சி!) நம் தாத்தாமார் பெருவிரலால் அழுத்தி உடைத்த கோலி சோடாவின் புட்டி 1872-இல் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் உரிமை பெற்றது. அந்த வெறும் சோடாவில் சீனி இல்லை. எலுமிச்சை பிழிந்து எப்போதாவது குடிப்பதில் குற்றமில்லை.

2017-ஆம் ஆண்டு தாமிரபரணித் தண்ணீரைப் பற்றிய சினம் எழுந்தபோது, வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுப் பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தன. ஆற்றைக் காக்க எழுந்த குரலை நான் மதிக்கிறேன். ஆனால் நம்மில் பலர் அன்று செய்தது, வெளிநாட்டுக் கலரை வைத்துவிட்டு உள்நாட்டுக் கலரை எடுத்ததுதான். சுதேசிச் சீனியும் சீனியே.

பதநீரைப் பற்றி எழுத எனக்கே மனம் வரவில்லை. பனங்காட்டில் பிறந்தவன் நான். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் அந்த நீருக்கு ஈடான பானம் எனக்குத் தெரியாது. ஆனால் அதிலும் ஏறக்குறைய கலருக்கு நிகரான இனிப்பு உண்டு. நீரிழிவாளருக்கு அது மருந்தன்று. நன்னாரி சர்பத்தும் பெட்டியில் விற்கும் மாம்பழப் பானமும் அவ்வாறே. 'சீனியில்லாதது' என்று விற்கும் கலருக்குத் தாவுவோரும் உளர். உடல் எடையைக் குறைக்க அச்செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என 2023-இல் உலக நலவாழ்வு நிறுவனமே சொல்லியிருக்கிறது.

பின் எதைக் குடிப்பது? தண்ணீர், சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்ட நீர்மோர். இளநீர் நல்லது, சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக் குடிக்க வேண்டும், அதில் பொட்டாசியம் மிகுதி. நாள்தோறும் கறுப்புக் கலர் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலிக்கலாம். அது அப்பானத்திலுள்ள காஃபின் செய்யும் வேலை. படிப்படியாகக் குறைத்தால் தெரியாது.

இவ்வளவும் மருத்துவர் சொல்லித் தெரிந்தவை. ஆனால் எனக்குக் கலரை விடக் கற்பித்தவர் வேறொருவர்.

சென்ற ஆண்டு கிளைக் கிராமம் ஒன்றில் வீடு மந்திரிக்கச் சென்றேன். ஊருக்கு வெளியே தள்ளிக் குடிவைக்கப்பட்ட மக்களின் தெரு. பீடி சுற்றிப் பிழைக்கும் கைம்பெண் ஒருவர், பேரனைக் கடைக்கு அனுப்பும்போது, "கணக்குல எழுதிக்கச் சொல்லு" என்று தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "வேண்டாம்மா, குடத்துத் தண்ணி குடுங்க, போதும்" என்றேன். அவர் அசையாமல் நின்றார்.

"எங்க வீட்டுத் தண்ணியவா, சாமி?"

"ஏன்மா?"

"வாறவுக எல்லாம் கலர்தான் குடிப்பாக. தண்ணி கேக்க மாட்டாக."

வாக்குக் கேட்டு வந்தோரும் மனு வாங்க வந்தோரும் அத்தெருவில் ஏன் கலர் குடித்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடி போட்ட பாட்டில், கண்ணெதிரே திறப்பது, அந்த வீட்டுச் செம்பும் கையும் படாதது. குடித்ததாகவும் ஆயிற்று, தீட்டுப் படாமல் போனதாகவும் ஆயிற்று. அவர்களுக்குப் பின்னால் அங்கியணிந்த நானும் அதே பாட்டிலை ஆண்டுதோறும் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறேன். என் மனத்தில் தீண்டாமை இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்? சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவர் முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர்தான். யூதர் தொட மாட்டாத பாத்திரத்தில் அவர் நீர் கேட்டார். யோவான் நற்செய்தியின் அந்த நான்காம் அதிகாரத்தைப் பற்றி நான் எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன்.

அந்தத் தாய் செம்பைச் சாம்பல் போட்டு இருமுறை தேய்த்துக் கழுவித் தண்ணீர் மொண்டு தந்தார். குடித்தேன்.

அடுத்த ஞாயிறு திருப்பலியில், இனி எல்லாத் தெருவிலும், எல்லா வீட்டிலும் அந்த வீட்டுத் தண்ணீரைத்தான் குடிப்பேன் என்று அறிவித்தேன். வசதியுள்ள இரண்டு வீட்டார், சாமிக்கு வெறும் தண்ணீரா என்று வருந்தினர். திருவிழா அசனத்தில் கலரை நிறுத்தி நீர்மோர் வைத்தோம். இளைஞர் பாதிப் பேர் அடுத்த தெருக் கடையில் நின்றதையும் பார்த்தேன். முதல் நற்கருணை விருந்துகளில் இன்றும் பாட்டில்கள் அடுக்கப்படுகின்றன. என் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது, மாத்திரை நின்றபாடில்லை.

இவ்வாண்டு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனபோது செம்பு ஏற்கெனவே துலக்கி வைக்கப்பட்டிருந்தது. "சீரகத் தண்ணி, சாமி" என்றார். பேரன் மட்டும் கதவோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். விசாரித்தேன். நான் பாதி குடித்து வைக்கும் கலரில் மீதிப் பாதி ஆண்டுதோறும் அவனுக்காம்.