சாலையைக் கேட்டு வண்டி வாங்குங்கள்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அணைக்கும் சைனிக் பள்ளிக்கும் பெயர்பெற்ற ஊர் அமராவதி நகர். இங்கே குடியிருந்துகொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளோடு தொழில் செய்பவருக்கு, ஒருமுறை திருப்பூர் போகவே 80 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும். வீட்டில் விசேஷம் என்றால் உடுமலை, விடுமுறை என்றால் சின்னாறு வழியாக மறையூர், மூணாறு. இப்படிப்பட்ட குடும்பம் எஸ்.யூ.வி. வாங்க உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் இரண்டு வண்டிகளில் வந்து நிற்கிறது: ஹூண்டாய் கிரெட்டா டீசல், டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட். மாருதி கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டிலும் ஹைரைடரின் அதே இன்ஜின்தான் என்பதால், ஹைரைடர் கணக்கு அதற்கும் பொருந்தும்.

இரண்டுமே தேறிய வண்டிகள். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கிரெட்டா 2015 முதல் நம் சாலைகளில் ஓடுகிறது. ஹைரைடர் 2022இல் வந்தாலும், டொயோட்டா 1997இலேயே ஜப்பானில் பிரியஸ் என்ற ஹைப்ரிட் காரை விற்கத் தொடங்கிவிட்டது. ஆகவே எது நல்ல வண்டி என்று கேட்பதைவிட, நம் ஓட்டத்துக்கு எது பொருந்தும் என்று கேட்பதே பயன் தரும்.

எரிபொருள் கணக்கு

வாகனச் சோதனை அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் கணக்குப்படி ஹைப்ரிட்டின் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ. கிரெட்டா டீசலில் மேனுவல் கியர் என்றால் 21.8, ஆட்டோமேட்டிக் என்றால் 19.1. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்து, ஆண்டுக்கு 15,000 கி.மீ. வீதம் ஐந்தாண்டு ஓட்டத்தைக் கணக்கிட்டேன். ஹைப்ரிட்டுக்குச் சுமார் 2.71 லட்சம் ரூபாய், டீசல் மேனுவலுக்கு 3.20 லட்சம், டீசல் ஆட்டோமேட்டிக்குக்கு 3.65 லட்சம் ஆகிறது.

இதைப் பார்த்தவுடன் ஹைப்ரிட்டுக்கு முன்பணம் கட்டிவிட வேண்டாம். ஹைப்ரிட் உயர்ந்த ரகங்களில் மட்டுமே கிடைக்கிறது. கிரெட்டாவில் அடிப்படை ரகத்திலேயே டீசல் உண்டு. மேனுவல் டீசல் போதும் என்பவருக்கு ஐந்தாண்டில் எரிபொருளில் மிச்சமாவது ஐம்பதாயிரத்துக்கும் கீழே. அதற்காக வாங்கும்போதே இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பி வராது. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவருக்குக் கணக்கு மாறுகிறது. அங்கே இரண்டின் விலையும் நெருங்கி வருவதால், ஹைப்ரிட் மிச்சப்படுத்தும் 90,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை அப்படியே கையில் நிற்கும்.

ஊருக்குள்ளா, நெடுஞ்சாலையிலா?

சோதனைக்கூடத்து மைலேஜ் சாலையில் அப்படியே கிடைப்பதில்லை. திருப்பூர் குமரன் ரோட்டிலும் பி.என். ரோட்டிலும் நின்று நின்று ஊரும்போது ஹைப்ரிட் இன்ஜினை அணைத்துவிட்டு மின்மோட்டாரில் போகிறது, பிரேக் பிடிக்கும்போது பேட்டரியை ஏற்றிக்கொள்கிறது. அதன் சிக்கனமே அங்கேதான். பல்லடம் சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது இந்த ஆதாயம் குறைகிறது.

டீசலுக்கு நேர் எதிரான குணம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு வரும் டீசல் கார்களின் புகைப்பாதையில் கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்துபோக வண்டி சூடேறிச் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, கடைக்குப் போவது என்று தினம் இரண்டு மூன்று கி.மீ. மட்டும் ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். டீசல் வாங்குவோரிடம் ஷோரூமில் முதலில் சொல்லவேண்டியது இதைத்தான்.

மலைப்பாதையில் டீசல் இன்ஜினின் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கைகொடுக்கும். ஐந்து பேரும் பெட்டிகளுமாக மறையூர் ஏற்றம் ஏறும்போது ஹைப்ரிட்டின் இன்ஜின் இரைந்து உழைக்க வேண்டியிருக்கும். டிக்கியையும் திறந்து பாருங்கள். கிரெட்டாவில் 433 லிட்டர் இடம் உண்டு. ஹைப்ரிட்டில் பேட்டரி டிக்கி இடத்தில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறது. சாம்பிள் பீஸ் மூட்டையோ தேங்காய் மூட்டையோ ஏற்றுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

வரியும் வாரண்டியும்

தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு ஆயுள்வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 19.90 லட்சம் வண்டிக்கு வரி 3,58,200 ரூபாய், 20.10 லட்சம் என்றால் 4,02,000. சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு ஒரு ரகம் மேலே போகுமுன் இந்த எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டு வண்டிக்கும் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். இரண்டுமே 1,500 சி.சி.க்கு உட்பட்டவை என்பதால் மூன்றாம் நபர் காப்பீட்டில் இரண்டும் ஒரே பிரிவுதான்; ஹைப்ரிட்டுக்கு மட்டும் சிறு தள்ளுபடி உண்டு.

ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி உண்டு. பத்தாண்டுக்கு மேல் வைத்து ஓட்டுகிறவர் அதற்குப் பிந்தைய பேட்டரிச் செலவையும் மனதில் வைக்க வேண்டும். டீசல் கார் பத்து வருஷத்தில் முடக்கப்படும் என்ற பயம் இங்கே வேண்டாம். அந்தக் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கு உரியது.

என் முடிவு இதுதான். அமராவதி நகரில் இருந்துகொண்டு வாரம் இரண்டு மூன்று தடவை திருப்பூர் போய்வருபவர், மேனுவல் ஓட்டத் தயங்காதவர் என்றால் டீசல் கிரெட்டா. திருப்பூர் நகருக்குள் குடியிருந்து வீடு, கம்பெனி, பள்ளி என்று சுற்றுபவருக்கு ஹைப்ரிட். முன்பணம் கட்டுமுன் ஒரு மாதம் உங்கள் ஓட்டத்தைக் குறித்துவையுங்கள்: எத்தனை கி.மீ., எந்தச் சாலை, எத்தனை பேர். இரு நிறுவனத்து சர்வீஸ் சென்டரிலும் ஐந்தாண்டுச் செலவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பணத்தைப் போடும்போது, பக்கத்து வீட்டு வண்டியைவிட உங்கள் குறிப்பேட்டுக் கணக்கே நம்பத் தகுந்தது.