வைத்தியசாலைக் கடிதங்களில் உள்ள குறியீடுகளை விளங்கிக்கொள்ளல்

வாகரையிலிருந்தும் வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களிலிருந்தும் 2006, 2007ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்த உங்களில் பலர், முகாம்களில் இருந்த காலத்தில் வேறு வேறு வைத்தியசாலைகளில் சிகிச்சை பெற்றிருப்பீர்கள். ஊர் திரும்பிய பின் உங்களைப் புதிதாகப் பார்க்கும் வைத்தியருக்கு உங்கள் நோயைப் பற்றிச் சொல்லப்போவது, கையிலுள்ள கடிதமும் நோய் நிர்ணய அட்டையும்தான். அவற்றில் உள்ள முக்கியமான குறியீடுகளின் விளக்கம் கீழே தரப்படுகிறது.

1. எனது இல., உமது இல.

அரசாங்கக் கடிதத்தின் மேற்பகுதியில் இவ்விரண்டும் இருக்கும். 'எனது இல.' என்பது கடிதத்தை அனுப்பிய அலுவலகத்தின் கோவை இலக்கம். சாய்கோடுகளுக்கு இடையிலுள்ள எழுத்துகள் பெரும்பாலும் அலுவலகத்தையும் பிரிவையும் குறிக்கும். அவை நோயின் பெயர் அல்ல, பயப்பட வேண்டாம். நீங்கள் பதில் எழுதும்போது அதே இலக்கத்தை 'உமது இல.' என்று குறிப்பிடுங்கள். உங்கள் கோவையைத் தேடி எடுக்க அது உதவும்.

2. பி.எச்.ரி. இலக்கம்

வார்ட்டில் தங்கியிருந்தபோது உங்கள் சிகிச்சை விபரங்கள் எழுதப்பட்ட பதிவின் இலக்கம் இது. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பதிவு வைத்தியசாலையிலேயே இருக்கும். உங்களுக்கு நோய் நிர்ணய அட்டை மட்டுமே தரப்படும். அட்டை தொலைந்தால், இந்த இலக்கம், வார்ட் இலக்கம், அனுமதிக்கப்பட்ட திகதி ஆகியவற்றைக் கொண்டு அதே வைத்தியசாலையின் பதிவேட்டு அறையில் விசாரிக்கலாம். ஆகவே அவற்றை வேறொரு கொப்பியிலும் எழுதி வையுங்கள்.

3. நாட்களைக் குறிக்கும் பின்னங்கள்

அதிகம் பிழையாக விளங்கப்படுவது இதுதான்.

3/7 – மூன்று நாட்கள்
2/52 – இரண்டு கிழமைகள்
1/12 – ஒரு மாதம்

கிழமைக்கு 7 நாள், வருடத்துக்கு 52 கிழமை, 12 மாதம் என்பதே இதன் கணக்கு. 1/12 என்பதை டிசம்பர் முதலாம் திகதி என்று எண்ணிக் காத்திருந்தால், கிளினிக் தவறுவதோடு மருந்தும் இடையில் முடிந்துவிடும்.

4. மருந்து எடுக்கும் வேளை

மேனே – காலை
நொக்டே – இரவு
பி.டி. – நாளுக்கு இரண்டு தடவை
ரி.டி.எஸ். – நாளுக்கு மூன்று தடவை
ஏ.சி. – சாப்பாட்டுக்கு முன்
பி.சி. – சாப்பாட்டுக்குப் பின்
எஸ்.ஓ.எஸ். – தேவைப்பட்டால் மட்டும்

5. நோய்களின் சுருக்கம்

டி.எம். – நீரிழிவு
எச்.ரி. – உயர் குருதி அமுக்கம்
பி.ஏ. – ஆஸ்துமா
ரி.பி. – காசநோய்
என்.ஏ.டி. – குறை எதுவும் காணப்படவில்லை

காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் குறைந்தது 6 மாதங்கள் இடைவிடாமல் எடுக்க வேண்டும். ஊர் திரும்பும் அலைச்சலில் நிறுத்திவிடாதீர்கள். பழைய அட்டையுடன் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு உடனே செல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• எல்லாத் துண்டுகளையும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளையும் பொலித்தீன் பையில் இட்டு வையுங்கள். தோணியிலோ பாதையிலோ வாவியைக் கடக்கும்போது நனைந்தால் எழுத்து அழிந்துவிடும்.
• ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அட்டையில் எழுதியிருந்தால், வைத்தியர் கேட்கும் முன்பே அதைக் காட்டுங்கள்.
• குறியீடு விளங்காவிட்டால் ஊகித்து மருந்து எடுக்க வேண்டாம். மருந்து தருபவரிடமோ உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.