முதலில் கேசட், பிறகுதான் இசைத்தட்டு

காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பன் 1932-ல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி கிராமபோன் தட்டுத் தொழிலில் இறங்கினார். அந்தக் காலத்துத் தட்டுகள்மீது செட்டிநாட்டில் இன்று தனி மோகமே உண்டு. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் புனல் வைத்த கிராமபோனுக்கு நல்ல விலை. வாங்கிப்போகிறவர் அதில் பாட்டுக் கேட்பாரா என்பது வேறு விஷயம். தட்டுகளைக் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் காளையார்கோவில் மாதிரி ஓர் ஊர், தன் பழைய ஒலிகளைக் கூடிச் சேர்க்க முற்பட்டால், முதலில் கேசட்டில்தான் கைவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் பொருளிலேயே இருக்கிறது. 78 சுற்றுத் தட்டு, அரக்கோடு கல்தூள் கலந்து அழுத்தியெடுத்தது. கைதவறினால் போச்சு; தவறாதவரை நூறு வருஷம் கழித்தும் பாடும். கடையில் விற்ற சரக்கு என்பதால் ஒரு பிரதி உடைந்தாலும் இன்னொன்று வேறெங்காவது கிடைக்க வாய்ப்புண்டு. கேசட் நாடாவோ 4 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத பிளாஸ்டிக் பட்டை. ஒலியைத் தாங்கும் காந்தத் துகள் அதன்மேல் பசையால் ஒட்டியிருக்கிறது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்தால் பாட்டு மங்கிவிடும். 90 நிமிஷக் கேசட்டின் நாடா 60 நிமிஷத்துடையதைவிட மெல்லியது, சீக்கிரம் சிக்கும். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் காந்த நாடாக்களை மாற்றியெடுக்க 2025-ஐக் கெடுவாகச் சொல்லி 2015-லேயே எச்சரித்தது. நாடா கெடுவது மட்டுமல்ல, ஓட்டும் மெஷினும் பழுதுபார்க்கும் ஆளும் அருகிப்போவார்கள் என்பதுதான் அவர்கள் கவலை. அந்தக் கெடுவும் கடந்துவிட்டது.

கேசட்டில் அப்படி என்ன இருக்கிறது என்பீர்கள். தட்டுக் கம்பெனிகள் விலைபோகும் என்று நம்பியதைப் பதிந்தன: கச்சேரி, நாடகப் பாட்டு, பிறகு சினிமா. நடவுப் பாட்டும் கும்மியும் ஒப்பாரியும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வரவில்லை. டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஊர்க்காரர்களே தங்கள் குரலைப் பதிய முடிந்தது. மருது சகோதரர்கள் அடக்கமான ஊர் காளையார்கோவில். சிவகங்கைச் சரித்திரத்தைச் சொல்லும் கும்மியும் அம்மானையும் ஏட்டிலிருந்து அச்சேறின. வரிகள் நின்றன, மெட்டு அச்சில் ஏறாது. திருவிழாவில் யாரோ பதிந்த நாடா ஒன்று, மைக்செட்காரர் பெட்டியிலோ கல்யாண வீட்டு பீரோவிலோ கிடந்தால், உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது.

இதற்கு நூலகங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்த புத்தகங்கள், 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆய்வு நூலகமானதை நாடறியும். நிறுவனம் இல்லாமல் அது நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சுப் புத்தகம் தன் பெயரைத் தானே சொல்லும். எழுதாத கேசட் சொல்லாது. பேட்டரி இறங்கிய ரெக்கார்டரில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சிடும். வேகம் நூற்றுக்கு ஆறு பிசகினாலே சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். பாடியவளை நேரில் கேட்டவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், “இது அவ குரல் இல்லை, குறைச்சு வை” என்பார். எந்த நிபுணரும் அதை ஊகிக்கத்தான் முடியும். நாலு பேர் கூடிக் கேட்டு, பாடியவர், வருஷம், திருவிழா, பதிந்த மெஷின் என்று தெரிந்ததைக் குறித்துவைப்பதுதான் ஆய்வின் முதல் படி. நூலகம் அதற்கு அடுத்தது.

எல்லாம் யூடியூபில் ஏற்றிவிட்டால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. சினிமாப் பாட்டுக்கு வேண்டுமானால் போதும். ஒலிப்பதிவுக்கு நம் சட்டத்தில் காப்புரிமை வெளியான மறு வருஷத்திலிருந்து 60 வருஷம் என்பதால் பழைய தட்டுகளில் அந்தச் சிக்கலும் குறைவு. சாவு வீட்டில் பதிந்த ஒப்பாரிக்குச் சட்டத்தைவிடக் குடும்பம் முக்கியம். அழுதவள் யார் என்று உறவுக்காரர்களுக்குத் தெரியும். பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துவது ஒன்று, ஊருக்குப் போட்டுக் காட்டுவது வேறு. முதலாவதை உடனே செய்யலாம். இரண்டாவதற்கு அந்த வீட்டில் போய்க் கேட்டுத்தான் ஆகவேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிடத்தான் வேண்டும்.