டில்லிக் குளிரில் ஸ்கூட்டர் சவாரி

மார்கழி, தை மாதங்களில் டில்லியில் அதிகாலை வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. ஆர்.கே.புரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஆபீசுக்குப் புறப்படும் தமிழர்கள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிறார்கள். எல்லாம் எதிர்க்காற்று செய்யும் வேலை. 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், காற்று வீசாத இடத்தில் மைனஸ் 1 டிகிரியில் நிற்பது போல உடம்பில் உறைக்கும்.

கம்பளிப் பின்னலின் இடுக்குகளில் காற்று சுலபமாகப் புகுந்துவிடும். ஆகவே ஸ்வெட்டருக்கு மேலே மழைக்கோட்டு போட்டுக் கொள்வது நல்லது. அது இல்லையென்றால், படித்து முடித்த பத்திரிகையை மடித்து, நெஞ்சுப் பக்கம் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே செருகிக் கொள்ளலாம். மலைச் சரிவில் இறங்கும் சைக்கிள் பந்தய வீரர்கள் கையாண்ட பழைய உபாயம் இது.

நெஞ்சு குளிர்ந்தால் விரல்களுக்குப் போகும் ரத்தம் குறையும். மரத்துப்போன விரல் சமயத்தில் பிரேக்கைப் பிடிக்காது. இறுக்கமான கையுறை ரத்த ஓட்டத்தை இன்னும் தடுக்கும். சற்றுத் தளர்வானதே நல்லது.

விரல் மரத்துவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி, சூடான டீ கிளாசைக் கையில் பிடித்துக் கொண்டு குடித்துவிட்டுப் புறப்படுவதே புத்திசாலித்தனம். பத்து நிமிஷத் தாமதத்துக்கு மேலதிகாரியிடம் சமாதானம் சொல்லிக் கொள்ளலாம்.